துப்பாக்கி வைத்திருந்தால் அரசாங்கத்தை எதிர்த்து நிற்க முடியுமா?

2024 மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே எங்கள் பெரியப்பா பரண்மேல் இருந்த துப்பாக்கியை இறக்கினார். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் குழலைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, லைசென்ஸ் புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஏற்காடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நாகலூர் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் இருக்கிறது. துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பது. தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கி வருவதும் அவருக்குப் பழகிப்போன வேலை. ஏட்டையா நம்பரைச் சரிபார்த்து, ரிஜிஸ்டரில் எழுதி, குழலில் ஓர் அட்டைச் சீட்டைச் சணல் கயிற்றால் கட்டி, ரசீது கொடுத்தார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

கூட வந்த பேரன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது ஆரம்பித்தான்.

"சித்தப்பா, அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு துப்பாக்கி வச்சிருக்கறதே, கவர்மெண்ட் அட்டூழியம் பண்ணா எதிர்த்து நிக்கறதுக்குத்தானாமே? நம்ம தாத்தா என்னடான்னா, கேட்ட உடனே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றாரு."

பெரியப்பா டீயைக் கீழே வைக்காமலே சொன்னார்: "காட்டெருமை வந்தா வெடிச்சத்தம் போட்டு முடுக்கறதுக்குத்தான்டா இது. கவர்மெண்ட எதுக்கறதுக்கா கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்கும்?"

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்வரை பையன் விடவில்லை. நல்ல கேள்விதான். அவனுக்குச் சொன்னதையும், வண்டியில் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து, இந்த விஷயத்தைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிரைக் காக்கத் துப்பாக்கி, திருடனிடமிருந்து வீட்டைக் காக்கத் துப்பாக்கி, அரசே கொடுங்கோலாக மாறினால் எதிர்க்கத் துப்பாக்கி என மூன்றும் வேறு வேறு காரணங்கள். முதல் இரண்டும் பல நாட்டுச் சட்டங்களில் ஏதோ ஓர் அளவுக்கு உண்டு. உலகம் முழுக்கச் சண்டை நடப்பது மூன்றாவதைப் பற்றித்தான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது

பெரியப்பாவின் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒற்றைக் குழல், வாய்வழியாகக் கெட்டிக்கிற வகை. கரிமருந்தை அளந்து குழல் வாயில் கொட்ட வேண்டும். தேங்காய் நாரைச் சுருட்டி உள்ளே தள்ளி, கம்பியால் இடிக்க வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டு, மறுபடி நார், மறுபடி இடி. பின்பக்கம் 'கேப்' என்ற சின்ன வெடிமூடியைப் பொருத்தி, அதை அடிக்கும் குதிரையை இழுத்து, விசையை அழுத்தினால் ஒரே ஒரு வெடி. அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கை பழகிய அவருக்கே ஒரு நிமிடம்போல ஆகும். ஐப்பசி மழையில் மருந்து நமுத்துவிட்டால் அந்த ஒரு வெடியும் கிடையாது.

1775-ல் அமெரிக்கக் குடியானவர்கள் கையில் இருந்ததும் இதே குடும்பத்துத் துப்பாக்கிதான். கேப்புக்குப் பதிலாகச் சக்கிமுக்கிக் கல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வருடம் ஏப்ரல் 19-ஆம் தேதி, பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் படை, கான்கார்டு என்ற ஊரில் மக்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தையும் ஆயுதங்களையும் பறிக்கப் புறப்பட்டது. வழியில் லெக்சிங்டனில் குடியானவர்கள் எதிரே நின்றார்கள். அங்கே வெடித்த வெடியில் தொடங்கியதுதான் அமெரிக்க விடுதலைப் போர். ஆயுதத்தைப் பறிக்க வந்த அரசை ஆயுதத்தால் விரட்டினோம் என்பது அந்த நாட்டின் பிறப்புக் கதை. இது புரிந்தால்தான் அவர்கள் துப்பாக்கியை இப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று புரியும்.

1788-ல், அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மத்திய அரசு எவ்வளவு முயன்றாலும் இருபத்தையாயிரம், முப்பதாயிரம் பேருக்குமேல் நிரந்தரப் படை வைக்க முடியாது. எதிரே கையில் ஆயுதம் உள்ள குடிமக்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இருப்பார்கள். அரசு எப்படி அத்துமீறும் என்று கேட்டார். அவர் வாதத்தில் பலரும் விட்டுவிட்டுச் சொல்கிற ஒரு பாதி உண்டு. அந்த ஐந்து லட்சம் பேரும் தனித்தனி ஆட்கள் அல்ல. தங்கள் மாநில அரசுகளின்கீழ், தாங்கள் நம்பும் தலைவர்களின்கீழ் அணிதிரண்ட குடிப்படை. ஓர் அரசுக்கு எதிராக இன்னோர் அரசு நிற்கும் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. பரணில் துப்பாக்கி வைத்திருக்கும் தனி மனிதர் மத்திய அரசை எதிர்ப்பார் என்று அவர் சொல்லவில்லை.

1791 டிசம்பர் 15-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒழுங்காக அமைந்த குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை, ஆகவே ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்பது அதன் பொருள். உரிமை குடிப்படைக்கா, தனி ஆளுக்கா என்று இருநூறு வருடத்துக்குமேல் வாதம் நடந்தது. 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனி ஆளின் உரிமை என்று தீர்ப்பளித்தது. இன்று அங்கே மக்களிடம் இருக்கும் துப்பாக்கி சுமார் 39 கோடி என்று 2018-ல் ஒரு சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. மக்கள்தொகையைவிட அது அதிகம்.

திருத்தம் வந்து மூன்றே வருடத்தில் ஒரு சோதனை வந்தது. விஸ்கி மீது போட்ட வரியை எதிர்த்து பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதிக் குடியானவர்கள் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். 1794-ல் அதிபர் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட குடிப்படையோடு போய் அதை அடக்கினார். எந்தக் குடிப்படை அரசைத் தடுக்கும் என்று எழுதி வைத்தார்களோ, அதே குடிப்படையைக் கூட்டிக்கொண்டு அரசு வந்தது. எதிர்த்தவர்களைத் தியாகிகள் என்று அரசு சொல்லவில்லை, கலகக்காரர்கள் என்றது. எது கொடுங்கோல், எது நியாயமான வரி என்று யார் தீர்மானிப்பது? செங்கோல் எப்போது வளைந்தது என்று துப்பாக்கிக்குத் தெரியாது. இந்தக் கோட்பாட்டின் முதல் ஓட்டை இதுதான்.

'மக்கள்' என்றால் யார்

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. 'ஆயுதம் ஏந்திய மக்கள்' என்று சொல்லும்போது நம் மனதில் வருவது ஏழை எளியவர்கள் ஒன்றாக நின்று அதிகாரத்தை எதிர்க்கும் காட்சி. வரலாற்றில் நடந்தது பல நேரம் நேர் எதிர். 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள், கறுப்பர்களும் பங்கு பெற்றிருந்த, தேர்தலில் வென்ற நகர அரசைக் கவிழ்த்தார்கள். கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். கவிழ்த்தவர்களும் ஆயுதம் ஏந்திய குடிமக்கள்தான். தாங்கள் கொடுங்கோலை எதிர்ப்பதாகவே அவர்களும் சொல்லிக்கொண்டார்கள்.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாளைக்கே சட்டம் தளர்ந்தால் துப்பாக்கி முதலில் யார் வீட்டுப் பரணில் ஏறும்? காசும் நிலமும் ஆள்பலமும் இருக்கிற வீட்டில். அந்தக் குழல் முதலில் திரும்பப்போவது சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இல்லை. காலனிப் பக்கம்தான் திரும்பும். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் கூலி கேட்ட குற்றத்துக்காக 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரிந்து செத்தார்களே, அவர்களைத் தாக்க வந்தது அரசுப் படை அல்ல, ஆயுதம் வைத்திருந்த ஊர்க்காரர்கள். ஜாதி இருக்கிற மண்ணில் 'ஆயுதம் ஏந்திய குடிமக்கள்' என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

எதிர்த்தரப்பு வாதமும் சும்மா ஒதுக்கிவிடக் கூடியது அல்ல. அவர்கள் காட்டும் மிக நல்ல உதாரணம் 1946 ஆகஸ்டில் டென்னசி மாநிலத்து ஏதென்ஸ் என்ற சிற்றூரில் நடந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் ஷெரீஃப் என்ற உள்ளூர் காவல் தலைவரின் கும்பலுக்கு எதிராகத் தேர்தலில் நின்றார்கள். வாக்குப்பெட்டிகளைக் கும்பல் ஜெயிலுக்குள் தூக்கிப்போய்ப் பூட்டிக்கொண்டது. முன்னாள் சிப்பாய்கள் படைக் கிடங்கிலிருந்து துப்பாக்கி எடுத்து வந்து ராத்திரி முழுக்க ஜெயிலை முற்றுகையிட்டு, டைனமைட் வீசி, உள்ளே இருந்தவர்களைச் சரணடைய வைத்தார்கள். வாக்கு எண்ணப்பட்டது, அவர்கள் தரப்பு வென்றது. யாரும் சாகவில்லை. நான் அதை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: எதிரே இருந்தது ஒரு மாவட்டக் கும்பல். மாநில அரசும் மத்திய அரசும் படை அனுப்பாமல் இருந்துவிட்டன. அனுப்பியிருந்தால் கதை வேறு.

அடுத்து வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்பார்கள். சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வல்லரசுகளை விரட்டினார்களே? உண்மை. சோவியத் படை 1989-லும் அமெரிக்கப் படை 2021-லும் ஆப்கானிஸ்தானை விட்டுப் போயின. இரண்டும் வெளிநாட்டுப் படைகள், திரும்பிப் போக அவற்றுக்கு ஒரு வீடு இருந்தது. சொந்த நாட்டு அரசு எங்கே போகும்? அதற்கு அது வாழ்வா சாவா. அந்தப் போராளிகள் வீட்டுத் துப்பாக்கியை மட்டும் வைத்து வெல்லவும் இல்லை. வெளிநாடுகளிலிருந்து ஆயுதமும் பணமும் வந்துகொண்டே இருந்தன. பல்லாண்டு காலம் ஊர் ஊராகச் செத்தார்கள். கடைசியில் வந்தது சுதந்திரமா? காபூலில் பள்ளிக்கூடக் கதவு மூடப்பட்ட பெண் பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.

நம் நாட்டில் நடந்தது

ஆயுதத்தைப் பறித்து ஆளும் வித்தை நமக்கும் பழையதுதான். 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி அரசு அவர்கள் கோட்டைகளை இடித்து, ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை போட்டது. 1857-க்குப் பிறகு பயம் இன்னும் கூடியது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அதே 1878-ல் அதே லிட்டன் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டவும் ஒரு சட்டம் போட்டார். ஆள்கிறவனுக்குத் துப்பாக்கி மீது எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் நம் மொழியில் அச்சான தாளின் மீதும் இருந்தது. நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம் இது.

ஆயுதச் சட்டத்தைக் கண்டித்தவர்களில் காந்தியும் ஒருவர். பிரிட்டிஷ் ஆட்சியின் கெட்ட காரியங்களிலேயே ஒரு நாட்டு மக்களை முழுக்க நிராயுதபாணியாக்கிய சட்டம்தான் மிகக் கருப்பானது என்று 1918-ல் ஒரு துண்டறிக்கையில் சொன்னார். அந்த வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்துப் பரப்புகிறவர்கள், அது முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்கும்போது எழுதியது என்பதைச் சொல்வதில்லை. 1930-ல் அவர் வைஸ்ராய் இர்வின் முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் என்பதும் ஒன்று. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை எழுதப்பட்டிருந்தது.

ஆனால் சொந்தமாகச் சட்டம் எழுதும் நேரம் வந்தபோது மனது மாறியது. பிரிவினையின் ரத்தம் காயாத 1948 டிசம்பரில், ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. நமக்குக் கிடைத்தது 19-ஆவது பிரிவு: அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை. 'ஆயுதமின்றி' என்ற சொல் அதிலேயே இருக்கிறது.

இன்றைக்கு நடைமுறையில் இருப்பது 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம். ஏற்காடு மாதிரி ஊர்ப் பகுதிக்குக் கலெக்டரும், சேலம் மாநகருக்குப் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் தருவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆள் இரண்டு துப்பாக்கிக்குமேல் வைக்கக் கூடாது, முன்பு மூன்று. லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். நம் நாட்டில் துப்பாக்கி என்பது அரசு தரும் அனுமதி, உரிமை அல்ல. பெரியப்பா டீக்கடையில் சொன்னதும் அதுதான்.

வாச்சாத்தி

பையனிடம் நான் நீண்ட நேரம் பேசியது இதைப் பற்றித்தான். அரசாங்கத்தின் கொடுங்கோல் என்றால் ஹிட்லர், ஸ்டாலின் என்று தூரத்தில் தேட வேண்டாம். அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1965 வரை அந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் (கேரளத்து மலையாளிகள் அல்ல) அங்கேயும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை கடத்தல் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஊருக்குள் இறங்கினார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். செய்தவர்கள் எல்லாரும் அரசுச் சம்பளம் வாங்கியவர்கள்.

"அந்த ஊர்க்காரங்க கையில துப்பாக்கி இருந்திருந்தா?" என்று பையன் கேட்டான்.

எனக்கும் அந்த ஆத்திரம் இருக்கிறது. ஆனால் நடந்திருக்கக் கூடியதை யோசித்துப் பாருங்கள். பெரியப்பாவுடையது மாதிரி பத்து நாட்டுத் துப்பாக்கி வெடித்திருந்தால், அடுத்த நாள் ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். 'கடத்தல்காரர்களுடன் துப்பாக்கிச் சண்டை' என்று செய்தி வந்திருக்கும். நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் ஏறிய சாட்சிக் கூண்டில் அவர்கள் குற்றவாளிகளாக நின்றிருப்பார்கள். அந்தக் காலத்தில் அந்த மலைகளில் கையில் துப்பாக்கியோடு அரசை எதிர்த்து நின்ற ஒருவர் உண்மையிலேயே இருந்தார். வீரப்பனின் துப்பாக்கி மலைவாசிகளைக் காக்கவில்லை. அந்தத் துப்பாக்கியைக் காரணம் காட்டித்தான் அதிரடிப்படை ஊர் ஊராகப் புகுந்தது. அந்தக் கொடுமைகளை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் தனியாக ஒரு குழுவையே போட வேண்டி வந்தது.

வாச்சாத்திக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் பக்கத்தில் நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, சி.பி.ஐ. விசாரணை வந்தது. மிரட்டலுக்கு நடுவே அந்தப் பெண்கள் வருடக்கணக்கில் தர்மபுரி கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் சாட்டப்பட்டு உயிரோடிருந்த அரசு ஊழியர் ஒருவர்கூடத் தப்பாமல் தண்டிக்கப்பட்ட வழக்கு அது. முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது வருடம் ஆனதை நான் சாதனை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனை துப்பாக்கி சேர்த்தாலும் வாங்க முடியாத ஒன்றை அவர்கள் வாங்கினார்கள்.

சுடுகிறவன் மனது

அரசு என்பது தானாக நடக்கும் இயந்திரம் இல்லை. சுடு என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் விசையை அழுத்த வேண்டும். எதிரே நிற்பவன் கையில் துப்பாக்கி இருந்தால் சிப்பாய்க்கு யோசிக்க நேரமே இல்லை, தன் உயிரைக் காக்கச் சுடுவான். எதிரே வெறுங்கை என்றால்தான் அவன் மனதில் ஒரு கேள்வி எழ இடம் கிடைக்கும்.

1930 ஏப்ரல் 23, பெஷாவர். பட்டாணியர்களுக்குத் துப்பாக்கி உடம்பின் ஓர் உறுப்பு மாதிரி. அப்படிப்பட்டவர்களிடம் கான் அப்துல் கஃபார் கான், ஆயுதத்தைத் தொடாமல் எதிர்க்கிறோம் என்று உறுதிமொழி வாங்கியிருந்தார். கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் படை சுட்டது. வெறுங்கையோடு நின்ற பலர் செத்தார்கள். அப்போது கார்வால் ரைஃபிள்ஸ் பிரிவுச் சிப்பாய்களுக்குச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. சந்திர சிங் கார்வாலியும் கூட இருந்தவர்களும் மறுத்துவிட்டார்கள். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிரிட்டிஷ் ஆட்சியை அன்று நடுங்க வைத்தது, அந்த வீடுகளில் இருந்த துப்பாக்கிகள் அல்ல. தன் சொந்தச் சிப்பாய் தாழ்த்திக்கொண்ட துப்பாக்கிகள்தான்.

1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 பெரிய போராட்டங்களை எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆயுதமில்லாத போராட்டங்களில் 53 சதவீதம் வென்றன, ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதம். காரணம் எளிது. துப்பாக்கிப் போருக்கு வாலிபர்கள்தான் போக முடியும். வேலைநிறுத்தத்துக்கும் மறியலுக்கும் பாட்டியும் வரலாம், பேத்தியும் வரலாம். கூட்டம் பெருகப் பெருக, அதில் போலீஸ்காரரின் அத்தையும் இருப்பார், தாசில்தாரின் மச்சானும் இருப்பார். 2010-க்குப் பிறகு ஆயுதமில்லாப் போராட்டங்களின் வெற்றியும் குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசுகளும் கற்றுக்கொள்கின்றன.

தமிழில் இதைப் பேசினால் ஈழத்தைத் தொடாமல் போக முடியாது. கால் நூற்றாண்டு ஆயுதம் ஏந்திய இயக்கம், கடற்படையே வைத்திருந்த இயக்கம், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை செத்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த குழு சொன்னது. அதே இலங்கையில் 2022 ஜூலையில் வெறுங்கையோடு வந்த கூட்டம் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தது, அதிபர் நாட்டை விட்டு ஓடினார். ஆகவே ஆயுதமில்லாமல் போராடியிருக்க வேண்டும் என்று தமிழர்களுக்கு நான் பாடம் சொல்ல மாட்டேன். ஆயுதம் வருவதற்கு முன்பே அங்கே தமிழர்கள் அறவழியில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். 2022-ல் சிப்பாய்க்கு எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் அவன் மொழி பேசுகிறவர்கள், அவனோடு பெட்ரோல் வரிசையில் நின்றவர்கள். சுடுகிறவன் எதிரே நிற்பவனை மனிதனாகப் பார்க்கிறானா என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. சிறுபான்மைக்கு அந்தப் பார்வை சுலபத்தில் கிடைப்பதில்லை.

வெறுங்கை என்பதால் அரசு சுடாது என்றும் யாரும் நம்ப வேண்டாம். 1950 பிப்ரவரி 11-ல் நம் சேலம் மத்தியச் சிறைக்குள்ளேயே 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பூட்டிய சிறைக்குள், குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகாத நாட்டில். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள்.

அந்தச் சாவுச் செய்தி ஆறுவதற்குள், அடுத்த மாதம், எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க சேலம் பக்கம் வந்தார்கள். சென்னைவரை 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய்த் திட்டம். குப்பனூர், ராமலிங்கபுரம் பக்கமெல்லாம் போலீஸ் பாதுகாப்போடு கல் நட்டார்கள். ஒரு பாட்டி தன் வயலில் நட்ட கல்லைக் கட்டிக்கொண்டு படுத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை, முந்தானையில் பட்டா ஜெராக்ஸ் முடிந்து வைத்திருந்தார். பெண் போலீஸ் இரண்டு பேர் அவரைத் தூக்கினார்கள். தூக்கும்போது ஒரு பெண் போலீஸ் அழுதுகொண்டிருந்தார். தூத்துக்குடிக்குப் பிறகும் அந்தப் பாட்டி அங்கே வந்து படுத்தாரே, அந்தத் துணிச்சலை நான் எந்தத் துப்பாக்கிக்காரனிடமும் கண்டதில்லை.

2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி அரசுக்கு வழி திறந்துவிட்டது. ஆனாலும் இதை எழுதும்வரை அந்தச் சாலை போடப்படவில்லை. சட்டப்படி திறந்த கதவை, ஓட்டுக்குப் பயந்த கட்சிகள் சாத்தியே வைத்திருக்கின்றன.

துப்பாக்கிக்கு இன்னொரு விலையும் உண்டு. அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகம் தற்கொலை. என்றோ வரக்கூடிய கொடுங்கோலனுக்காகப் பரணில் வைத்த துப்பாக்கியைப் பெரும்பாலும் எடுப்பது, மனது உடைந்த ராத்திரியில் அந்த வீட்டுக்காரரே.

ஜூன் 4-ல் தேர்தல் முடிவு வந்தது. இரண்டு நாளில் தேர்தல் நடத்தை விதிகளும் விலகின. அடுத்த வாரம் ரசீதைக் காட்டித் துப்பாக்கியை வாங்கி வந்தோம். குழல் வாயில் லேசாகத் துரு ஏறியிருந்தது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் போட்டுத் தேய்த்தார். பையன் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன், மூடி வைத்துவிட்டுக் கேட்டான்.

"எல்லாம் சரி சித்தப்பா. ஆனா வாச்சாத்தியில அந்த ஒரு நாள்? அன்னைக்கு அவங்க என்னதான் பண்ணியிருக்க முடியும்?"

பெரியப்பாவின் கை நின்றது. ஒன்றும் பண்ணியிருக்க முடியாதுடா என்று அவனிடம் சொன்னேன்.